வேலு மச்சானின் காருக்கு இனி இடம் பிடிக்க இயலாமை குறித்து

ஜோர்ஜ்டவுன், பினாங்கு
புதன்கிழமை, காலை மணி 9.10

மதிப்பிற்குரிய வேலு மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புஷ்பவள்ளியின் கணவன் அர்ஜுனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே புஷ்பவள்ளியின் வலது முழங்காலும் என் தைரியமும் நீங்கலாக மற்ற எல்லாம் சுகம். புக்கிட் மெர்தாஜாமில் தாங்களும் நல்லம்மாள் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது. ஞாயிறு மாலையிலிருந்து நான் பதினான்கு முறை அழைத்தும் தாங்கள் போனை எடுக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு நான்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நான் எவ்வளவு தூரம் காரணம் என்பது தங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் போனை எடுத்திருந்தாலும் இதை நான் போனில் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் ‘சரிங்க மச்சான்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர எனக்கு வேறெதுவும் வருவதில்லை. கல்யாணமாகி நாற்பத்தாறு ஆண்டுகளாக அப்படித்தான். கடிதத்தில் நீங்கள் நடுவே குறுக்கிட முடியாது. ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப் போட்டால் தைரியம் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் கார்களைத் தடுத்து, அதை மக்கள் நடக்கவும் உட்காரவுமான இடமாக ஆக்கும் திட்டத்துக்கு நான் ஆதரவு. வீட்டுக்கு வந்த கருத்துப் படிவத்தில் ‘ஆதரவு’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். பென்சிலால்தான் போட்டிருக்கிறேன். ஆனால் அழுத்திப் போட்டிருக்கிறேன்.

மூன்று வாரம் முன்பு தாங்கள் போனில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “மாப்பிள்ள, இதுல யோசிக்க என்னா இருக்கு? எதிர்ப்புன்னு போட்டு அனுப்புங்க. ரோட்டுல காடி ஓடலன்னா அப்புறம் அது என்னாத்துக்கு ரோடு, ஆடு மேய்க்கவா?” என்றீர்கள். நான் “சரிங்க மச்சான்” என்றேன். அது பொய். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தைப் பதிவேட்டில் எழுதியவன் நான். ஓர் அங்குலம் கூட்டியும் எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் சொந்த மைத்துனரிடம் நான்கு நொடியில் பொய் சொல்லிவிட்டேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள்.

இதற்கு மேல் எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தாங்கள் பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறும் மாலை நாலரை மணிக்குப் பாலம் தாண்டித் தங்கையைப் பார்க்க வருகிறீர்கள். அந்தப் பாசத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வீட்டு வாசலில் காரைப் பின்பக்கமாக ஏற்றி, மூக்கு கடலைப் பார்க்க நிறுத்துவீர்கள். நடுவே நான்கு வரிசையாக மற்றவர்களின் கார்கள் போய்க்கொண்டிருக்கும், அவற்றின் இடைவெளியில் கடல் தெரியும். நான் முனைக்கடையிலிருந்து தின்பதற்குப் பசம்போர் வாங்கிவந்து தருவேன். புஷ்பவள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீங்கள் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி அவளிடம் பேசுவீர்கள், புகை வருகிறது என்று மறுபடி ஏற்றிவிடுவீர்கள். “கடல் காத்து ஒடம்புக்கு நல்லது மாப்பிள்ள” என்று கண்ணாடிக்குள்ளிருந்து என்னிடம் சொல்வீர்கள். உள்ளே ஏர்கோன் ஓடிக்கொண்டிருப்பதால் எனக்குக் கேட்காது, உதட்டை வைத்துப் புரிந்துகொள்வேன். ஏழு மணிக்குப் புறப்பட்டுவிடுவீர்கள். இதில் நான் குறை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை. எழுதிப் பார்க்கும்போது குறை மாதிரி தெரிந்தால் அது என் எழுத்தின் குற்றம்.

ஆனால் அந்த இடம் தானாக அமைவதில்லை மச்சான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாலையில் சும்மா கிடக்கும் இடம் என்று ஒன்று கிடையாது. விடிவதற்கு முன் அவரவர் வீட்டு வாசலில் எதையாவது வைத்து இடம் பிடிக்க வேண்டும். அது எங்கள் வரிசையில் உள்ள பதினொரு வீட்டுக்கும் எழுதாத சட்டம். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி, கெப்பாலா பத்தாஸிலிருந்து வரும் மகன் ஹாரிஸுக்காக ஒரு நீல நாற்காலி வைப்பார். மூன்றாம் வீட்டில் பூந்தொட்டிகள். ஐந்தாம் வீட்டுச் சீனத் தாத்தா ஒரு நீளப் பெஞ்சையே தூக்கி வைத்துவிடுவார். நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து, காற்று தள்ளிவிடாமல் இருக்க அதன்மேல் சிமெண்டு நிரப்பிய பெயிண்ட் டின் ஒன்றை ஏற்றி வைப்பேன். அதோடு என் வேலை முடிவதில்லை. மாலை நாலரை வரை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பயந்துகொண்டிருக்க வேண்டும். நான் இதுவரை மூன்று மொழிகளில் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருமுறை யாரோ ஒருவர் டின்னைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து, மீகோரெங் முழுவதையும் நிதானமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு டின்னைப் பழையபடி நாற்காலியில் ஏற்றி வைத்துவிட்டுப் போனார். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

நாற்காலியில் எனக்குக் கஷ்டமில்லை. இன்னும் பதினொரு ஆண்டு வைக்கச் சொன்னாலும் வைத்திருப்பேன். என் மனம் மாறியது பெப்ரவரி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. அன்று புஷ்பவள்ளி கேட்டருகே ஊன்றுகோலுடன் நின்று, “ஏங்க, அந்தப் பக்கம் போயி மூணு வருசமாச்சு. இன்னிக்குப் போவமா?” என்றாள். எங்கள் வாசலிலிருந்து கடற்சுவர் எண்பத்தேழு அடி. நான் தனியாகப் போகும்போது எண்ணியது. ஓடிக்கொண்டே எண்ணியதால் ஓரிரண்டு அடி முன்பின் இருக்கலாம். அவள் கோலூன்றி நடந்தால் சாலையின் ஒரு பாதியைக் கடக்க ஒரு நிமிடம் நாற்பது விநாடி வேண்டும். ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி, மிக அதிகமாக, ஒன்பது விநாடி. இந்தக் கணக்கு தெரிந்திருந்தும் சரி என்றேன். மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு உங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

ஒரு லாரி நடுரோட்டில் மூச்சு வாங்கி நின்றுபோனதால் முதல் பாதியைக் கடந்துவிட்டோம். நடுவில் ஒன்றரை அடி அகலத்துக்குக் காகிதப்பூச் செடி வைத்த திட்டு இருக்கிறதல்லவா, அதில் ஏறி நின்றோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். இருபத்தாறு நிமிடம். அவள் ஒரு கையில் கோல், மறு கையில் செடி. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கார்களுக்குள் இருந்தவர்கள் சிலர் பதிலுக்குக் கையசைத்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்களைப் படம் பிடித்தார். ஹபீபா பீவி தம் கேட்டிலிருந்து, “அர்ஜுனண்ணே, அங்க நின்னு என்னா பண்றீங்க?” என்று கத்தினார். “கடலுக்குப் போறோம்!” என்று நானும் கத்தினேன். “இன்னிக்கா, நாளைக்கா?” என்று கேட்டார். புஷ்பவள்ளி செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு பஸ் டிரைவர் மனமிரங்கி வண்டியை நிறுத்தி, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிப்பதையும் பொருட்படுத்தாமல், போங்கள் என்று மரியாதையாகக் கையைக் காட்டினார். அவர் நிறுத்தியது வீட்டுப் பக்கத்துப் பாதியில். நாங்கள் போக வேண்டியது கடல் பக்கம். ஆனால் அவ்வளவு மரியாதையாகக் கைகாட்டும் மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

வாசலில் ஒரு வாலிபர் எங்களுக்காகக் காத்திருந்தார். பெயர் ஹைக்கல். சாலை ஓரத்தில் குடை நட்டு உட்கார்ந்து, இந்தத் திட்டத்துக்காக வண்டிகளை எண்ணுகிறவர். அம்மா வழியில் தமிழ் பேசுவார். “ஆண்டி, காயம் ஒண்ணும் இல்லியே? காலையில ஏழு மணியிலருந்து உக்காந்திருக்கேன். காடி நாலாயிரத்துச் சொச்சம் போயிருச்சு. ரோடு தாண்ட வந்தவங்க நீங்க ரெண்டு பேர்தான் லா” என்றார். புஷ்பவள்ளி, “எங்கள எப்படி எழுதுனீங்க தம்பி?” என்று கேட்டாள். அவர் தம் அட்டையைப் பார்த்து, மிகுந்த வருத்தத்துடன், “தாண்டலன்னு எழுதிட்டேன் ஆண்டி” என்றார்.

அவள் அதற்கும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்த பிறகு சிரிக்கவில்லை. முழங்காலுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம், செய்தால் நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் ஒன்றரை ஆண்டாகச் சொல்லிவருவது உங்களுக்கும் தெரியும். அன்று மாலை நான் அந்தப் பேச்சை மெல்ல எடுத்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “எதுக்குங்க? ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்க இந்த முட்டி போதும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, விலை விசாரித்துவிட்டு வேண்டாம் என்று வைப்பதுபோலச் சொன்னாள். மச்சான், அந்த ஒரு வாக்கியத்தை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. நான் சுற்றுச்சூழல் ஆர்வலன் அல்லன். நகர அமைப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு நடந்து போக ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது, அதில் கார்கள் ஓடுகின்றன. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

இனி போன ஞாயிறு. சோதனை முறையில் ஒரே ஒரு நாள், காலை ஆறு முதல் இரவு பத்து வரை, சாலையில் கார்கள் வராது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தாள் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நான் நான்கு முறை படித்திருந்தேன், முக்கியமான வரிகளின் கீழ்க் கோடும் போட்டிருந்தேன். அப்படியிருந்தும் காலை ஐந்து மணிக்குக் கண் விழித்து, பதினொரு ஆண்டுப் பழக்கத்தில் கால்கள் தாமே நடக்க, சிவப்பு நாற்காலியைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் வைத்து, டின்னையும் ஏற்றி வைத்துவிட்டு வந்து தேநீர் போட்டேன். பாதித் தேநீரில்தான் எனக்கு உறைத்தது. கார்கள் வராத சாலையில் காருக்கு இடம் பிடித்துவிட்டு வந்திருக்கிறேன்! யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஓடினால், அதற்குள் ஹபீபா பீவியின் நீல நாற்காலி பக்கத்தில் நிற்கிறது. “என்னங்க இது?” என்றேன். “நீங்க வச்சிருந்தீங்களேண்ணே! அண்ணே எல்லாத்தையும் படிச்சுப் பாக்குற ஆளு, சும்மா வைக்க மாட்டாரு, வீட்டுக்காரங்க காடி மட்டும் விடுவாங்க போலன்னு நானும் வச்சேன்” என்றார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் மூன்றாம் வீட்டிலிருந்து பூந்தொட்டிகள் வந்துகொண்டிருந்தன. நான்காம் வீட்டுக்காரர் இரண்டு ஸ்டூல்களை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நன்றி என்பதுபோலத் தலையசைத்தார். ஐந்தாம் வீட்டுத் தாத்தா பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மறுமுனையைப் பிடிக்கும்படி என்னையே கூப்பிட்டார். வேண்டாம் தாத்தா, இது என் பிழை என்று சொல்லிக்கொண்டே நான் பிடித்தேன். பாரம் அதிகம். ஆறரை மணிக்கு, ஒரு வண்டியும் வரப்போகாத சாலையில், பதினொரு வீடுகளும் இடம் பிடித்து முடித்திருந்தன. எல்லாரும் உள்ளே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழு மணிக்கு ஹைக்கலும், அவருடைய மேலதிகாரி நோர்மா என்ற அம்மையாரும், கோப்புகளுடன் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். வந்தவர்கள் அசந்துபோய் நின்றுவிட்டார்கள். மக்கள் உட்கார இடமில்லையே என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலையாம். இவ்வளவு நாற்காலிகளை வீட்டுக்காரர்களே கொண்டுவந்து வைத்திருக்கிறார்களே, யாருடைய யோசனை என்று அந்த அம்மையார் மலாயில் கேட்டார். பதினொரு வாசல்களிலிருந்தும் கைகள் என்னைக் காட்டின. உண்மையை மறைக்கக் கூடாது என்று, இது மக்களுக்காக அல்ல, என் மைத்துனரின் காருக்காக வைத்தது என்று எனக்குத் தெரிந்த மலாயில் தெளிவாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஹைக்கலும் சிரித்தார். “அங்கிள் நல்லா ஜோக் அடிக்கிறீங்க லா!” என்றார். நான் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் அடித்ததில்லை. எட்டு மணிக்குள் நடக்க வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் இடத்தில் ஓர் அம்மா பேரனுக்கு ரொட்டி ஊட்டினார். பிறகு ஒருவர் செருப்பு வார் தைத்தார். அதற்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

புஷ்பவள்ளி காலை முழுக்கக் கம்பிக் கதவருகிலேயே நின்றாள். “நெசமாவே காடி வராதா?” என்று நான்கு முறை கேட்டாள். கிளம்பலாம் என்றால், வெயில் தாழட்டும் என்றாள். வெயில் தாழ்ந்தால், சேலை மாற்றிக்கொள்கிறேன் என்றாள். மாலை நாலு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், மூன்று நிமிடம் இருபது விநாடி ஆகவேண்டும் என்பது என் கணக்கு. இரண்டாவது வரிசையில், கார்கள் வழக்கமாக மிக வேகமாகப் போகும் அந்த இடத்தில், அவள் நின்றுவிட்டாள். “முட்டியா?” என்று பதறினேன். “இல்லங்க. சும்மா நிக்கிறேன். நடு ரோட்டுல நின்னு யார்கிட்டயும் திட்டு வாங்காம இருந்ததே இல்ல, கொஞ்ச நேரம் நின்னுக்கிறனே” என்றாள். நானும் நின்றேன். அளவு கெட்டுப்போயிற்று, பரவாயில்லை என்று கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டேன்.

கடற்சுவருக்குப் போனதும் ஹபீபா பீவி தம் நீல நாற்காலியைத் தூக்கிவந்து அவளை உட்கார வைத்தார். ஒன்பது ஆண்டு பக்கத்து வீடு. வண்டிச் சத்தத்தில் சுவருக்கு மேலே இரண்டு வார்த்தை கத்திக்கொள்வதோடு சரி. அன்று இருவரும் பேசிய பேச்சைக் கேட்டால் ஒன்பது ஆண்டுக்கும் சேர்த்துப் பேசியதுபோல இருந்தது. நடுவில் புஷ்பவள்ளி பேச்சை நிறுத்தி, “ஏங்க, கடல் சத்தம் போடுது” என்றாள். “அது எப்பவும் போடுறதுதானே” என்றேன். “வீட்டுக்குக் கேக்கலியே” என்றாள். முப்பத்தொரு ஆண்டு கடலைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். சத்தத்துக்கு அதில் கட்டம் கிடையாது. கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நீங்கள்தான் என்று தெரியும். ஏழு முறை அதிர்ந்தது. “யாரு?” என்று அவள் கேட்டாள். “மச்சான்” என்றேன். “முனையில நிறுத்திட்டு நடந்து வரச் சொல்லுங்க. எவ்ளோ தூரம்?” என்றாள். மச்சான், இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். நான் போனை எடுக்கவில்லை. மறந்தோ கேட்காமலோ இருந்துவிடவில்லை. எடுத்தால் நீங்கள் ‘தடுப்ப எடுக்கச் சொல்லுங்க’ என்பீர்கள், நான் ‘சரிங்க மச்சான்’ என்று சொல்லிவிடுவேன், பிறகு உண்மையாகவே போய்த் தடுப்பை எடுக்கச் சொல்லி மன்றாடுவேன். அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிக் காருக்கு வழிவிடச் சொல்ல வேண்டிவரும். அதனால் எடுக்கவில்லை. பெரியவர் ஒருவரை ஏழு முறை அழைக்க விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் உரித்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தப்பு என்று என்னால் முழுமனதாக எழுத முடியவில்லை.

முனையில் நடந்ததை ஹைக்கல் பிறகு சொன்னார். “என் தங்கச்சி வீடு தம்பி. பதினொரு வருசமா என் எடம் அது” என்றீர்களாம். அவர், “அங்கிள், காடிய இங்க ஓரமா வுட்டுட்டுப் போங்க, முந்நூறு அடிதான்” என்றாராம். “நடக்கவா? நடக்கறதுக்கா நான் காடி வாங்குனேன்?” என்று கேட்டுவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்களாம். இதைச் சொல்லும்போது ஹைக்கல் சிரிக்கவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன். புஷ்பவள்ளி இருட்டும்வரை முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் கவனித்தேன்.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கு எதிலும் உண்டு. ஆகவே திங்கட்கிழமை ஒரு தாளை நடுவே மடித்து, ஒரு பக்கம் எதிர்ப்புக்கான காரணங்கள், மறுபக்கம் ஆதரவுக்கான காரணங்கள் என்று எழுதினேன். குப்பை சேரும், கூட்டம் கூடும், கடைகளுக்குச் சாமான் எப்படி வரும், பின்தெருவில் நெரிசலாகும், ஆம்புலன்ஸ் எப்படி வரும், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று எதிர்ப்புப் பக்கத்தில் பதினான்கு சேர்ந்தன. எல்லாமே நியாயமானவை. ஆதரவுப் பக்கத்தில் எவ்வளவு யோசித்தும் ஒன்றுதான் வந்தது: ‘புஷ்பவள்ளி’. பென்சிலைச் சீவி, படிவத்தில் குறி போட்டேன்.

நாளை வியாழன் மாலை சமூக மண்டபத்தில் வீட்டுக்காரர்கள் கூட்டம். ஒவ்வொரு ஞாயிறும் மூடலாமா வேண்டாமா என்று அங்கேதான் முடிவாகும். ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம். கூட்டத்தில் பேச நான் இதுவரை எழுந்ததே இல்லை. என் பணி ஓய்வு விருந்தில்கூட நன்றியைத் தாளில் எழுதிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது மூன்று நாளாகக் குளிர்பெட்டியின் முன் நின்று பயிற்சி செய்கிறேன். புஷ்பவள்ளி அதைத் திறக்க வரும்போதெல்லாம், “கொஞ்சம் நவுந்துக்கிட்டுப் பேசுங்க, தயிர் எடுக்கணும்” என்கிறாள். பேச்சு இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி வருகிறது. மூன்று மொழியிலும் வணக்கம் சொல்வதிலேயே முப்பது விநாடி போகிறது, அதைக் குறைக்கலாமா என்று யோசித்தேன். மரியாதையைக் குறைக்க மனம் வரவில்லை.

ஆகவே மச்சான், என் முடிவு இது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நாற்காலி வைக்க மாட்டேன். எக்காரணம் கொண்டும் நீங்கள் காரை எங்கள் சாலைக்குக் கொண்டுவர வேண்டாம். வாசலுக்கும் வேண்டாம், முனைக்கும் வேண்டாம். முனையில் நிறுத்தினாலும் இறங்க மனமில்லாமல் திரும்பிவிடுவீர்கள். அக்கரையிலேயே நிறுத்திவிட்டு ஃபெர்ரியில் வாருங்கள், அல்லது பஸ்ஸில் வாருங்கள். ஃபெர்ரித் துறைக்கே வந்து நான் அழைத்துக்கொள்கிறேன். தங்கையின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். இதில் நான் ஓர் அங்குலமும் இறங்கி வரமாட்டேன். இந்த வரியைப் பேனாவால் எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நல்லம்மாள் அக்காவுக்கு எங்கள் அன்பு. அவருடைய சர்க்கரை அளவு இறங்கியிருக்க வேண்டும் என்று புஷ்பவள்ளி வெள்ளிதோறும் விளக்கேற்றும்போது சேர்த்து வேண்டிக்கொள்கிறாள். உங்கள் கோபம் தணியவும், உங்கள் உடல்நலம் நிலைக்கவும் நான் வேண்டிக்கொள்கிறேன், இந்த வரிசையில்தான் வேண்டிக்கொள்கிறேன். வயதில் மூத்தவர், வாழ்த்தி இரண்டு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் வாழ்த்தாகவே எடுத்துக்கொள்வேன்.

என்றும் தங்கள் சொல் தட்டாத (இம்முறை நீங்கலாக),
அர்ஜுனன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை, காலை மணி 7.40): மேலே எழுதியதைப் புதனன்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். தபால்தலை ஒட்டிய பிறகு இரண்டு நாள் மேசையில் இருந்துவிட்டது. நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் மேலே உள்ள அத்தனையையும் மறந்துவிட்டு, தயவுசெய்து காரைக் கொண்டுவாருங்கள். இந்த ஞாயிறு அல்ல, அடுத்த ஞாயிறு.

நேற்றைய கூட்டத்தில் நான் பேசிவிட்டேன். வணக்கத்திலேயே ஒரு நிமிடம் போய்விட்டது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பதினொன்றில் ஒன்பது வீடுகள் ஆதரவு. இனி ஞாயிறுதோறும் சாலையில் கார்கள் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புஷ்பவள்ளி, “அந்த முட்டி டாக்டர் நம்பர எங்க வச்சீங்க?” என்று கேட்டாள். நான் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன், கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம். இன்று காலை ஏழு மணிக்கு அவளே போன் செய்து நாளும் வாங்கிவிட்டாள். அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், திங்கள் காலை ஆபரேஷன். அவளைக் கூட்டிப்போகக் கார் வேண்டும். கார் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலுக்கு வர முடியாது. நேற்று மாலை மூன்று மொழியில் நான் கேட்டு வாங்கிய தடை அது.

உடனே உட்கார்ந்து, ஒரே ஒரு காரை ஒரே ஒரு முறை உள்ளே விடும்படி மன்றாடி மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதினேன். திட்டம் நிறைவேறிப் பன்னிரண்டு மணி நேரம் முடியவில்லை, அதற்கு எதிரான முதல் விண்ணப்பம் என்னுடையது. புஷ்பவள்ளி அதை வாங்கிப் படித்தாள். “இதக் கிழிச்சுப் போடுங்க. அண்ணே முனையில நிக்கட்டும், நான் நடந்து போறேன்” என்றாள். வலிக்குமே என்றேன். “வலிக்கட்டும். இந்த முட்டியோட கடைசி நடை இது. நல்லா நடு ரோட்டுலயே போறேன்” என்றாள்.

வாசலிலிருந்து முனை முந்நூற்றுப் பத்து அடி. அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். சரியாக மூன்று மணிக்குக் கிளம்புகிறோம், மூன்றேகாலுக்கு முனையில் இருங்கள். பையை நான் தூக்கிக்கொள்வேன். அவளை யாரும் கைபிடித்துக் கூட்டிவரக் கூடாதாம். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.